புதுக்கார் எடுத்தவர்கள் டிக்கியை ஒருக்கால் திறந்து பாருங்கோ

ஜப்பானிலிருந்து வரும் அக்வா, வாகன் ஆர் போன்ற பல கார்களில் மேலதிக ரயர் இருக்காது. ஓட்டையை அடைக்கிற ஒரு போத்தல் பசையும் காற்றடிக்கிற சின்னப் பம்பும்தான் இருக்கும். சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி, பூநகரி வெளியில் காற்றுப் போன பிறகு இதை அறிந்தால் பெரிய கரைச்சல்.

ஆணி ஏறியிருந்தால் பிடுங்காதேங்கோ, ஓட்டை பெருக்கும். பசையை வால்வு வழியாக விட்டு, பம்பை 12 வோல்ட் சொக்கற்றில் செருகி, சாரதிக் கதவோரம் எழுதியிருக்கும் அளவுக்குக் காற்றடியுங்கோ. உடனே ஓடத் தொடங்கினால்தான் பசை உள்ளே பரவும். கொஞ்சத் தூரத்தில் நிறுத்தி, காற்று நிற்கிறதா என்று பாருங்கோ. 80க்கு மேல் ஓடவே வேண்டாம். பக்கச்சுவர் கிழிந்திருந்தால் பசை உதவாது, வாகனம் ஏற்றுகிற லொறிதான் வழி.

முக்கியமாக, போத்தலின் காலாவதித் திகதியைப் பாருங்கோ. நாங்கள் புதுசு என்று எடுக்கிற கார் பலதும் ஜப்பானில் சில வருடம் ஓடினதுதான். பசையும் அந்த வயதுதான்.

மேலதிக ரயர் உள்ளவர்கள், ஜாக்கில் தூக்க முதலே நட்டுகளை இளக்கிவிடுங்கோ. பசை விட்டவர்கள், ஒட்டுக்கடையில் அதைச் சொல்லுங்கோ. கழுவின பிறகுதான் ஒட்டலாம்.