திபெத் போகிறவர்கள் லாசாவில் செய்யும் சிக்கனம்

"திபெத் திட்டம் போட்டிருக்கிறேன், ஒருமுறை பாருங்கள்" என்று யாராவது அனுப்பினால், திறக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது, தவறு எங்கே இருக்குமென்று. ஒரு காலத்தில் நான் போட்ட திட்டமும் அப்படித்தான் இருந்தது. கம்பளி, சன்ஸ்கிரீன், பாஸ்போர்ட் நகல் எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

லாசா நாள்களை வெட்டுவது

வெளிநாட்டவர் திபெத்தில் தனியாகச் சுற்ற முடியாது. அனுமதிச் சீட்டு, வழிகாட்டி, வண்டி எல்லாமே பயண நிறுவனம் வழியாகத்தான். நாள் கூடக்கூடக் காசும் கூடும் என்பதால் முதல் வெட்டு தலைநகர் லாசாவுக்கு விழுகிறது. விமானத்தில் இறங்கி மறுநாள் பொட்டாலா அரண்மனை, மூன்றாம் நாள் ஷிகாட்சே நகரம், நான்காம் நாள் எவரெஸ்ட் அடிவாரம். தாளில் அழகாகத்தான் இருக்கும்.

உயரே போகப் போக ஆக்ஸிஜன் குறையும், உடம்பு பழக நாள் வேண்டும். லாசாவின் உயரம் சுமார் 3,650 மீட்டர். எவரெஸ்ட் அடிவாரத்தில் ரொங்புக் மடம் இருப்பது ஏறக்குறைய 5,000 மீட்டரில். 3,000 மீட்டரைத் தாண்டினால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொதுக் கணக்கு. விமானத்தில் லாசாவுக்கு வருவதே அந்தக் கணக்கில் வாங்கிய கடன். அங்கேயே உட்கார்ந்துதான் அடைக்க வேண்டும்.

எங்கள் வண்டியில் ஒரு இளைஞர் இருந்தார், நன்றாக ஓடக்கூடியவர். ஷிகாட்சேயில் தலைவலி. வழிகாட்டி கேட்டபோது "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு வலி மாத்திரை போட்டுக்கொண்டார். ரொங்புக்கில் இரவு கழிவறைக்குப் போனவர் குடித்தவர் போலத் தள்ளாடி வந்தார். நேர்கோட்டில் நடக்க முடியாவிட்டால் மூளையில் நீர் கோக்கிறது என்று அர்த்தம், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இருட்டிலேயே வண்டியை எடுத்து அவரைக் கீழே கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார். எவரெஸ்டை அவர் பார்த்தது எங்கள் போன்களில்தான். எனக்கு இன்னும் எரிச்சல் அவர்மேல் இல்லை, அந்த நான்கு நாள் திட்டத்தை விற்றவர்கள்மேல். வண்டியில் ஆக்ஸிஜன் டப்பா இருக்கிறதாம்! ஒரு டப்பா சில நிமிடம் வரும்.

லாசாவில் மூன்று இரவாவது தங்குங்கள். அப்புறம் கியான்ட்சே, ஷிகாட்சே, 4,300 மீட்டரில் ஷேகர், அதன்பிறகே ரொங்புக். உயர நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை வேண்டுமா என்று கிளம்பும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். அதைப் போட்டாலும் நாள்களைக் குறைக்காதீர்கள்.

அந்த நாள்கள் வீண் என்பவர்கள் பார்கோர் வீதியில் உட்கார்ந்து பார்க்காதவர்கள். ஜோகாங் கோயிலைச் சுற்றிக் கிழவிகள் பிரார்த்தனைக் கையுருளையைச் சுழற்றியபடி வலம் வருவார்கள். வாசலில் உள்ளங்கையில் பலகை மாட்டிக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுவார்கள், கல்தரை அதிலேயே வழவழப்பாகிவிட்டது. கால் ஓய்ந்தால் தேநீர்க் கடையில் இனிப்புப் பால் டீ. உடம்பு உயரத்துக்குப் பழகுவதும் இந்த நேரத்தில்தான்.

ரயிலில் போனால் பழகிவிடும் என்று நம்புவது

சீன நகரமான ஷீனிங்கிலிருந்து லாசா வரும் ரயில் 5,072 மீட்டரில் தங்குலா கணவாயைத் தாண்டுகிறது, உண்மைதான். ஆனால் பெட்டிக்குள் ஆக்ஸிஜன் கலந்த காற்று, பயணமும் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். உடம்பு பழக அது போதாது. ஜன்னலுக்காக ரயில் ஏறுங்கள்.

வெண்ணெய்த் தேநீரை ஒரே மூச்சில் விழுங்குவது

உப்பாக இருக்கிறதே, சீக்கிரம் முடித்துவிடலாம் என்று காலி செய்தால் உடனே நிரப்புவார்கள். போதும் என்றால் நிறைந்த கிண்ணத்தை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பும்போது குடியுங்கள்.

தலாய் லாமா படம்

சீன அரசு தடை செய்த படம் அது. பெட்டியில் வேண்டாம், போனிலும் வேண்டாம்.

வான் அடக்கம் நடக்கும் இடத்தில் கேமரா

இறந்தவர் உடலைக் கழுகுகளுக்குக் கொடுக்கும் சடங்கு அது. படம் எடுக்கவே கூடாது.

ஜூலை, ஆகஸ்டில் எவரெஸ்ட்

பெரும்பாலும் மேகம்தான். ஏப்ரல், மே, இல்லையென்றால் அக்டோபர். வானம் தெளிந்திருந்தால் ரொங்புக்குக்கு முன்னால் வரும் கவு லா கணவாயிலேயே மகாலு, லோட்சே, எவரெஸ்ட், சோ ஓயு நான்கும் வரிசையாகத் தெரியும். வண்டி நின்றதும் கேமராவோடு ஓடாதீர்கள். அங்கேயும் 5,000 மீட்டருக்கு மேல்தான், மூச்சு வாங்குவதில் படமும் ஆடிவிடும்.