பழைய பறக்கும் தட்டு சாட்சியங்களைப் படிப்பது எப்படி

பறக்கும் தட்டு என்று பேச்சை எடுத்தாலே, நம்புகிறாயா இல்லையா என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிடுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1947 முதல் 1969 வரை, அமெரிக்க விமானப்படையிடம் பதிவான தகவல்கள் 12,618. அவற்றில் 701 கடைசிவரை அடையாளம் தெரியாதவை என்றே நின்றுவிட்டன. மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பலூன், விமானம், எரிகல், வெள்ளி கிரகம் என்று ஏதோ ஒரு காரணம் எழுதிக் கோப்பை மூடினார்கள். சில கோப்புகளில் அந்தக் காரணம் கச்சிதமாகப் பொருந்துகிறது, சிலவற்றில் அவசரத்துக்கு ஒட்டவைத்தது போலத் தெரிகிறது. எது எப்படி என்று நீங்களே உட்கார்ந்து பார்த்துவிடலாம், அதற்குப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. ஒரு சாட்சியத்தில் கண் பார்த்தது எது, பார்த்தவர் அதிலிருந்து ஊகித்தது எது என்று பிரிக்கத் தெரிந்தால் போதும்.

முதலில், ஆகப் பழைய காகிதத்தைத் தேடிப் பிடியுங்கள். இருபது வருடம் கழித்துக் கொடுத்த பேட்டி வேண்டாம், சம்பவம் நடந்த அன்றோ அந்த வாரத்திலோ எழுதப்பட்டது வேண்டும். இந்தத் தகவல்களை விசாரிக்க விமானப்படை நடத்திய ப்ளூ புக் திட்டத்தின் கோப்புகள் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் மைக்ரோஃபில்மாக இருக்கின்றன, அவற்றின் படங்கள் இணையத்திலும் கிடைக்கின்றன. பெரும்பாலான கோப்புகளின் தொடக்கத்தில் ஒரு பதிவு அட்டை இருக்கும். தேதி, இடம், உள்ளூர் நேரம், கிரீன்விச் நேரம், எத்தனை பொருள்கள், எவ்வளவு நேரம் தெரிந்தது, எந்தத் திசையில் போனது என்று கட்டம் கட்டமாகப் போட்டிருப்பார்கள். ஓரத்தில் முடிவுக்கான பட்டியல்: பலூன்தான், அநேகமாகப் பலூன், பலூனாக இருக்கலாம் என்று மூன்று படி, விமானத்துக்கும் வானியல் பொருள்களுக்கும் அதே மாதிரி. சாட்சிகளின் பெயர்களைக் கறுப்படித்திருப்பார்கள், அதனால் ஒன்றும் குறையாது. அந்த அட்டையோடு நின்றுவிடாதீர்கள். அட்டையை எழுதியவர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர். அதற்குப் பின்னால் இருக்கும் கடிதமும் கேள்வித்தாளும்தான் வானத்தைப் பார்த்தவருடையவை.

இதை ஒரு உதாரணத்தில் முழுதாகச் செய்து பார்த்தால் பழகிவிடும். கென்னத் ஆர்னால்டை எடுத்துக்கொள்வோம், நவீன காலப் பறக்கும் தட்டுக் கதையெல்லாம் அவரிடமிருந்துதான் கிளம்பியது. 1947 ஜூன் 24, பிற்பகல் மூன்று மணி வாக்கில், வாஷிங்டன் மாநிலத்தில் ரெய்னியர் மலைக்குப் பக்கத்தில் தன் சிறிய விமானத்தைத் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தார். காணாமல் போன கடற்படைக் காலாட்படையின் சரக்கு விமானம் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தால் 5,000 டாலர் பரிசு என்று அறிவித்திருந்ததால், சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் ஒரு பளிச்சிடல். பிறகு ஒன்பது பொருள்கள் வரிசையாக ரெய்னியரிலிருந்து ஆடம்ஸ் மலையின் பக்கம் போயின. விமானத்தின் கடிகாரத்தைப் பார்த்து, இந்த மலையிலிருந்து அந்த மலைக்குப் போக 1 நிமிடம் 42 நொடி என்று குறித்துக்கொண்டார். ஜன்னல் கண்ணாடியின் பிரதிபலிப்பாக இருக்குமோ என்று ஜன்னலைத் திறந்தும் பார்த்திருக்கிறார், இப்படிச் செய்த சாட்சியை நான் மிகவும் மதிக்கிறேன்.

இப்போது ஒரு தாளில் நடுவே கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் அவர் நேராகப் பார்த்தவை: ஒன்பது, பளிச்சென்ற ஒளி, குதித்துக் குதித்துப் போன ஓட்டம், திசை, 102 நொடி. வலப்பக்கம் அவர் ஊகித்தவை: பொருள்கள் 20 முதல் 25 மைல் தொலைவில் இருந்தன என்பது, அவற்றின் அளவு, வேகம். இரண்டு மலைகளுக்கும் இடையே கிட்டத்தட்ட 47 மைல், அதை 102 நொடியில் கடந்தால் மணிக்கு 1,650 மைலுக்கு மேல் வரும். அவர் போட்ட கணக்கில் 1,700 வாக்கில் வந்தது, அதை நம்பமுடியாமல் தானே 1,200 என்று குறைத்துச் சொன்னார். மனிதர் ஓட்டிய விமானம் ஒலியின் வேகத்தைத் தாண்டியதே அந்த வருடம் அக்டோபரில்தான் என்பதை நினைத்தால் அவர் ஏன் தயங்கினார் என்று புரியும். ஆனால் கணக்கு முழுவதும் தொலைவின் மேல் நிற்கிறது. அதே 102 நொடி, அதே கோணம், பொருள்கள் மட்டும் 23 மைலுக்குப் பதில் 5 மைலில் இருந்தால் வேகம் 360 மைல் சுமாருக்கு இறங்கிவிடும், இன்னும் கிட்டே இருந்தால் பறவைக் கூட்டத்தின் வேகம்கூட வந்துவிடும். இதனால்தான் சிலர் பெலிகன் பறவைகள் என்கிறார்கள். சரி, அதோடு முடிந்ததா என்றால் இல்லை. ரெய்னியரை ஒட்டிய ஒரு கூர்மையான சிகரத்துக்குப் பின்னால் அவை மறைந்து போனதாகவும் எழுதியிருக்கிறார். ஒரு பொருள் மலைக்குப் பின்னால் மறைந்தால் அது மலையைவிடத் தள்ளி இருக்கிறது, இதில் ஊகத்துக்கு இடமில்லை. ஆகவே ஆர்னால்டு விஷயத்தில் சண்டை முழுக்க அந்த ஒரு வரியில் இருக்கிறது: மறைந்ததைச் சரியாகப் பார்த்தாரா, அல்லது பனி மூடிய பின்னணியில் ஒளி மங்கியதை அப்படி எடுத்துக்கொண்டாரா? எந்தச் சாட்சியத்திலும் இந்த மாதிரி வரியைத் தேடுங்கள். மேகத்துக்குள் போனது, மரத்துக்கு முன்னால் வந்தது, மலைக்குப் பின்னால் மறைந்தது என்பவைதான் தொலைவை நிஜமாகவே கட்டிப்போடுகின்றன.

இன்னொன்றும் கவனியுங்கள். தண்ணீரில் வீசிய தட்டு துள்ளிப் போவது போல என்று அவர் சொன்னது அவை போன விதத்தை. ராணுவத்துக்கு அவர் எழுதிய கடிதத்தில் வரைந்த படத்தில் முன்பக்கம் வளைவு, பின்பக்கம் கூம்பிப் போகிறது, முழு வட்டம் கிடையாது. பத்திரிகைகள் அதைத் தட்டு வடிவமாக ஆக்கிவிட்டன. ஜூலை பிறந்ததும் நாடு முழுக்க வட்டமான தட்டுகளைப் பார்த்ததாகத் தகவல்கள் குவிந்தன. எனவே ஒவ்வொரு சாட்சியத்தின் தேதியையும் செய்தி வெளியான தேதியோடு ஒப்பிடுவது கட்டாயம்.

அளவு பற்றிச் சொல்லும்போது “நூறு அடி நீளம்” என்று இருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்பின் தெரியாத பொருள் வானத்தில் தனியாக இருந்தால், அது சிறியதாகக் கிட்டே இருக்கிறதா பெரியதாகத் தூரத்தில் இருக்கிறதா என்று கண்ணால் சொல்லவே முடியாது. எவ்வளவு நேர்மையானவருக்கும், எத்தனை வருடம் விமானம் ஓட்டியவருக்கும் இதே நிலைதான். விமானப்படையின் கேள்வித்தாளைத் தயாரித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. கையை முழுதாக நீட்டிப் பிடித்தால் எந்தப் பொருள் அதை மறைக்கும் என்று கேட்டு, குண்டூசித் தலை, பட்டாணி, ஒவ்வொரு அளவு நாணயம், பேஸ்பால் என்று பட்டியல் கொடுத்திருந்தார்கள். அந்தப் பதில்தான் உங்களுக்கு வேண்டும், ஏனென்றால் அது கோணம். நீட்டிய கையின் சுண்டுவிரல் ஏறத்தாழ 1 டிகிரி, மடக்கிய முஷ்டி 10 டிகிரி, முழு நிலா வெறும் அரை டிகிரி. பட்டாணி அளவு என்று ஒருவர் சொல்லியிருந்தால் அதுவே நிலாவைவிடப் பெரிது.

அடுத்து, எவ்வளவு நேரம் தெரிந்தது. இந்த ஒரு எண் பாதி வழக்குகளை வடிகட்டிவிடும். பெரிய எரிகல் சில நொடிகளில் முடிந்துபோகும். வளிமண்டலத்துக்குள் திரும்பி எரியும் ராக்கெட் துண்டு ஒரு நிமிடம், அதற்குச் சற்று மேல் நீடிக்கலாம். பலூன் பல நிமிடங்கள், சில சமயம் மணிக்கணக்கில் நிற்கும். ஒரு மணி நேரமாக மேற்கு வானத்தில் நின்று, நிறம் மாறி மின்னி, மெல்லக் கீழே இறங்கிய ஒளி என்றால் கிரகத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இருட்டில் ஒரே ஒரு ஒளிப்புள்ளியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் அது அசைவது போலவே தோன்றும், ஓடும் காரிலிருந்து பார்த்தால் நம்மைத் தொடர்ந்து வருவது போலவும் இருக்கும்.

கிரகத்தைச் சரிபார்க்க ஸ்டெல்லேரியம் மாதிரி ஒரு இலவச வான்வரைபட மென்பொருள் போதும். இடம், தேதி, நேரம் கொடுத்தால் 1952-ன் வானம் அப்படியே வந்து நிற்கும். ஆனால் நேரத்தில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. 1945-லிருந்து 1966 வரை அமெரிக்காவில் கோடைகால நேரத்துக்கு நாடு தழுவிய சட்டம் கிடையாது, ஒரு ஊர் கடிகாரத்தை மாற்றும், பக்கத்து ஊர் மாற்றாது. கோப்பில் இருப்பது எந்த நேரம் என்று உறுதிசெய்யாமல் மென்பொருளைத் திறந்தால் ஒரு மணி நேரம் தவறிப்போகும், ஒரு மணி நேரத்தில் வானம் 15 டிகிரி சுழன்றுவிடும். அடிவானத்துக்கு மேல் இருந்த வெள்ளியை மறைந்துவிட்டது என்று தீர்ப்பு எழுத அது போதும்.

விமானிகள் சொன்னால் தப்பாக இருக்காது என்ற எண்ணமும் வேண்டாம், சாட்சிகளைத் தூக்கியெறியும் புத்தியும் வேண்டாம். 1948 ஜூலை 24 அதிகாலை 2:45-க்கு அலபாமாவின் மாண்ட்கோமரி அருகே ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் டிசி-3 விமானத்தை ஓட்டிய சைல்ஸ், விட்டட் இருவரும் சுருட்டு வடிவத்தில், வரிசையாக ஜன்னல்களோடு, பின்னால் நெருப்புக் கக்கியபடி ஒன்று தங்களைக் கடந்து போனதாகச் சொன்னார்கள். விழித்திருந்த ஒரு பயணி பார்த்ததோ வெறும் ஒளிக்கீற்று. இதற்குப் பக்கத்தில் 1968 மார்ச் 3 இரவை வைத்துப் பாருங்கள். சோவியத் யூனியனின் ஜோண்ட்-4 விண்கல ஏவலில் மிஞ்சிய துண்டுகள் அமெரிக்காவின் பல மாநிலங்களுக்கு மேல் எரிந்துகொண்டே போயின. தனித்தனியாக எரிந்த துண்டுகளைச் சிலர் ஜன்னல்கள் கொண்ட ஒரே நீண்ட கலமாகப் பார்த்தார்கள், மிகக் கிட்டத்தில் தாழப் பறந்ததாகவும் எழுதினார்கள். பலர் துண்டுகள், வால், திசை எல்லாவற்றையும் சரியாகவே சொன்னார்கள். இருட்டில் வரிசையாக ஒளிகள் தெரிந்தால் அவற்றுக்கு நடுவே உடலை மனம் நிரப்பிவிடுகிறது, ஒளிகளின் எண்ணிக்கையும் ஓட்டமும் பெரும்பாலும் கெடுவதில்லை. ஆகவே ஒளிகளை வைத்துக்கொண்டு உடலைச் சந்தேகியுங்கள். சைல்ஸும் விட்டட்டும் பெரிய எரிகல் ஒன்றைப் பார்த்தார்கள் என்பதே என் எண்ணம்.

அப்புறம், அன்றைக்கு ரகசியமாக இருந்தது எது என்று பார்க்க மறக்கக் கூடாது. 1948 ஜனவரி 7, கென்டக்கி. காட்மன் விமானத் தளத்திலிருந்து பலரும் பார்த்த வெண்மையான பொருள் ஒன்றைத் துரத்திக்கொண்டு, ஆக்சிஜன் இல்லாத எஃப்-51 விமானத்தில் மேலே மேலே ஏறிய விமானி தாமஸ் மான்டெல் விழுந்து இறந்துபோனார். வெள்ளி கிரகம் என்று முதலில் சொன்னார்கள். நட்டநடுப் பகலில் வெள்ளி அவ்வளவு பெரிதாகத் தெரியாது, மக்கள் அதை ஏற்காததில் வியப்பே இல்லை. அவர் துரத்தியது அநேகமாகக் கடற்படையின் ஸ்கைஹுக் என்ற பிரம்மாண்டமான பலூன்களில் ஒன்று. அந்தப் பலூன்கள் அப்போது ரகசியம், தளத்தில் இருந்தவர்களுக்கே அது தெரியாது. தெரிந்திருந்தால் அந்த மனிதர் அவ்வளவு உயரம் ஏறியிருக்க மாட்டார் என்று படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. பறக்கும் தட்டு விழுந்த இடம் என்று பேசப்படும் நியூ மெக்சிகோவின் ராஸ்வெல் பக்கம் 1947-ல் கிடைத்த சிதைவுகளும் மொகல் என்ற ரகசியப் பலூன் திட்டத்தோடு சேர்ந்தவை என்று விமானப்படை 1994-ல்தான் விவரமாக அறிக்கை விட்டது. பழைய கோப்பில் பலூன் எதுவும் பறக்கவில்லை என்று எழுதியிருந்தால், எழுதியவருக்குச் சொல்லப்பட்டிருக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாட்சிகள் நிறையப் பேர் என்பது மட்டும் போதாது. ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு முன் சொன்னார்களா, வெவ்வேறு இடங்களில் நின்றார்களா என்பதைப் பாருங்கள், இரண்டு இடங்களிலிருந்து திசை கிடைத்தால் வரைபடத்தில் கோடு இழுத்துத் தொலைவையே கண்டுபிடித்துவிடலாம். ரேடார் இருந்தாலும் இதே கவனம் தேவை. 1952 ஜூலையில் அடுத்தடுத்த இரண்டு வார இறுதிகளில் வாஷிங்டன் தேசிய விமான நிலைய ரேடாரில் புள்ளிகள் தெரிந்தன, வானத்தில் ஒளிகளையும் பார்த்தார்கள். விமானப்படையின் ஜெனரல் சாம்ஃபோர்டு ஜூலை 29-ல் பத்திரிகையாளர்களைக் கூட்டி, கீழே குளிர்ந்த காற்றும் மேலே சூடான காற்றும் அடுக்காக நின்றதால் ரேடார் அலை வளைந்திருக்கலாம் என்றார். திரையில் புள்ளி இருந்த அதே நிமிடத்தில், அதே திசையில், கண்ணுக்கும் ஒளி தெரிந்ததா என்று ஒவ்வொரு வரியாக நேரம் போட்டுப் பார்த்தால்தான் இதில் ஏதாவது சொல்ல முடியும்.

கடைசியில் முடிவு எழுதும்போது “தகவல் போதாது” என்பதையும் “அடையாளம் தெரியாதது” என்பதையும் கலக்காதீர்கள். நேரமும் திசையும் இல்லாத காகிதம் முதல் வகை. எல்லா விவரமும் இருந்து, சோதித்த எதுவும் பொருந்தாமல் நிற்பதுதான் இரண்டாவது. 1964 ஏப்ரல் 24 அன்று நியூ மெக்சிகோவின் சொகோரோவில் போலீஸ்காரர் லானி ஜமோரா பார்த்தது அப்படிப்பட்டது. வேகமாகப் போன காரைத் துரத்திக்கொண்டிருந்தவர் இரைச்சலும் நெருப்பும் கண்டு அந்தப் பக்கம் போனார், வெண்மையான பொருள் ஒன்றையும் பக்கத்தில் வெள்ளை உடையில் இரண்டு உருவங்களையும் பார்த்ததாகச் சொன்னார். கருகிய புதரும் தரையில் பதிந்த குழிகளும் இருந்தன, வானியலாளர் ஆலன் ஹைனக் நேரில் போய் விசாரித்தார், ப்ளூ புக் அதை விளக்கமில்லாததாகவே விட்டது. அன்று ஏதாவது பரிசோதனைக் கலமா, யாராவது திட்டமிட்டுச் செய்ததா என்ற வாதங்கள் இன்னும் நடக்கின்றன. எனக்கு எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை, அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்.

தொடங்குவதற்கு ஆர்னால்டின் கடிதத்தை எடுங்கள், பிறகு சைல்ஸ்–விட்டட், பிறகு மான்டெல். சொகோரோவை இவை மூன்றையும் முடித்த பிறகு திறங்கள்.