பரவைக்கடலில் வரைபடத்தோடு இறங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

யாழ்ப்பாணப் பட்டணத்துப் பண்ணைப் பாலத்தில் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒன்றுபோலத்தான் தெரியும். போனில் வரைபடத்தைத் திறந்தாலும் அப்படித்தான். அல்லைப்பிட்டியிலிருந்து ஆனையிறவு வரைக்கும் ஒரே நீலம். நாங்கள் பரவைக்கடல் என்று சொல்லும் யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் பரப்பு சுமார் 400 சதுர கிலோமீற்றர். அதில் எது வள்ளம் ஓடக்கூடிய ஆழமான ஓடை, எது மேடான திடல், எது முழங்கால் தண்ணீர் என்று அந்த நீலம் சொல்லாது.

நான் வடமராட்சிப் பக்கம் வளர்ந்தவன். கரையிலிருந்து கொஞ்சம் போனாலே ஆழம் பிடிபடும் கடல்தான் எனக்குப் பழக்கம். பட்டணத்துக்குக் குடிவந்த பிறகுதான் தூண்டிலோடு பரவைக்கடலில் இறங்கினேன். எங்கள் ஆட்கள் அதற்கு வைத்த பெயரே தண்ணீரின் குணத்தைச் சொல்கிறது: பரந்து கிடக்கிற கடல். பெரும்பாலான இடங்களில் ஒரு ஆளின் உயரத்துக்கு மேல் தண்ணீர் இல்லை. விடுமுறைக்கு வந்து வள்ளம் வாடகைக்கு எடுத்துக்கொண்டு மீன்பிடிக்கக் கிளம்பும் பலரை இப்போது பார்க்கிறேன். எல்லாருடைய கையிலும் வரைபடம் இருக்கிறது. அதை வாசிப்பதில் நானும் மற்றவர்களும் விட்ட பிழைகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நீலமெல்லாம் ஓடக்கூடிய தண்ணீர் என்று நம்புவது

என் முதல் பயணத்தில் குருநகர்ப் பக்கமிருந்து மண்டைதீவுக்குத் தெற்கே ஒரு இடத்தைப் போனில் குறித்துக்கொண்டேன். அமாவாசை கழிந்து இரண்டாம் நாள். காலையில் தண்ணீர் நிறைந்து நின்றது, போன வழியில் ஒரு தடங்கலும் இல்லை. திரும்பி வரும்போது அதே கோட்டில்தான் வந்தேன். பாதி வழியில் எஞ்சினின் விசிறி சேற்றைக் கிளப்பத் தொடங்கியது. நிறுத்தினேன். வள்ளம் அப்படியே குந்திவிட்டது. இறங்கித் தள்ளலாம் என்று ஒரு காலை வைத்தேன், முழங்கால்வரை சேறு இழுத்தது.

கொஞ்சத் தூரத்தில் கோல் ஊன்றிப் போய்க்கொண்டிருந்த ஒரு ஐயா வள்ளத்தைத் திருப்பி வந்தார். "இறங்காதேங்கோ தம்பி. தண்ணி வத்துது. பெருகட்டும், தானா எழும்பும்" என்றார். பிறகு தன் கோலைச் சேற்றில் ஊன்றிக் காட்டினார். தண்ணீர் தொட்ட இடத்துக்கு மேலே ஒன்றரைச் சாண் உயரத்தில் ஒரு ஈரக்கோடு இன்னும் காயாமல் இருந்தது. "காலமை இதுவரைக்கும் நிண்டது" என்றார். அந்த ஒன்றரைச் சாண்தான் நான் போனதற்கும் வரமுடியாமல் நின்றதற்கும் உள்ள வித்தியாசம். பிற்பகல் ஒரு மணிக்குப் பிறகுதான் வள்ளம் அசைந்தது. குடிக்கக் கொண்டுபோன தண்ணீர் பதினொரு மணிக்கே முடிந்திருந்தது.

எங்கள் கடலில் வற்றுப்பெருக்கு பெரிதில்லை. நல்ல பெருக்குக்கும் வற்றுக்கும் இடையில் ஏறக்குறைய அரை மீற்றர். ஆழ்கடலில் ஒருவரும் அதைக் கவனிக்கமாட்டார்கள். ஆனால் முக்கால் மீற்றர் தண்ணீர் உள்ள இடத்தில் அரை மீற்றர் போனால் மிஞ்சுவது என்ன? அமாவாசை, பறுவத்தை (பௌர்ணமியை) ஒட்டிய நாட்களில் இந்த ஏற்ற இறக்கம் கூட. அட்டமி, நவமிப் பக்கம் குறைவு. இதோடு பருவத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாரியில் தண்ணீர் ஏறி நிற்கும் திடல்கள் ஆடி ஆவணியில் வெளியே தலைகாட்டும். காற்று ஒரே பக்கமாகப் பலமாக வீசினால் தண்ணீரையே எதிர்க்கரைக்குத் தள்ளி வைத்துவிடும். வரைபடத்தில் இவை ஒன்றும் வராது, அது ஒரு நாளின் ஒரு நேரத்துப் படம்.

வற்றுப்பெருக்கு நேர அட்டவணை பார்த்துப் போகிறவர்களும் ஒரு இடத்தில் பிழைவிடுகிறார்கள். செயலியில் கொழும்பின் நேரமோ காங்கேசன்துறையின் நேரமோ இருக்கும். வெளிக்கடலின் நேரம் அது. தீவுகளுக்கு நடுவிலுள்ள வாய்களால் புகுந்து, தாம்போதிகளின் (கடலுக்குக் குறுக்கே மேடாக்கிப் போட்ட வீதிகளின்) பாலங்களைத் தாண்டி, அப்புறம்தான் தண்ணீர் உள்ளே வரவேண்டும். உள்ளே போகப்போக நேரம் பிந்தும், அளவும் குறையும். எத்தனை நேரம் பிந்தும் என்பதை அந்தந்தக் கரையில் ஒரு தடியை ஊன்றி வைத்து ஒருநாள் முழுக்கப் பார்த்தால்தான் தெரியும். ஒவ்வொரு நாளும் நேரம் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், ஒரு நாள் பார்த்ததை வைத்து அடுத்த நாட்களைக் கணக்கிடலாம்.

கறுப்பாகத் தெரிவதை ஆழம் என்று எடுப்பது

செய்மதிப் படம் எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைத்த பெரிய உதவி. ஆனால் அதை வாசிக்கத் தெரியவேண்டும். கறுத்த இடம் ஆழம், வெளிறிய இடம் மேடு என்று கணக்குப் போட்டுப் போகிறவர்கள் நேரே சாதாளை என்கிற கடற்தாவரத்துக்குள் போய், அது விசிறியில் சுற்றிக்கொள்ள நிற்பார்கள். கடற்புல்லும் சாதாளையும் அடர்ந்த தரை, இடுப்பளவு தண்ணீரிலும் மேலிருந்து பார்க்கக் கறுப்புத்தான். வெறும் மணல் தரை, ஆழம் கூடியிருந்தாலும் வெளிறித் தெரியும். மழை வெள்ளம் கலங்கி ஓடும் நாளில் எடுத்த படத்தில் இரண்டையும் பிரித்தறியவே முடியாது.

இதற்கு நான் கைக்கொள்ளும் வழி, ஒரே இடத்தை இரண்டு பருவத்தில் பார்ப்பது. கூகுள் ஏர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைப் பின்னோக்கிப் பார்க்கலாம். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 செய்மதிகள் சில நாட்களுக்கு ஒருமுறை எடுக்கும் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றில் ஒரு புள்ளி பத்து மீற்றர், ஆகவே ஒரு வள்ளம் தெரியாது, ஒரு ஓடை தெரியும். மார்கழிப் படத்தையும் ஆவணிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மார்கழியில் நீலமாக இருந்து ஆவணியில் வெள்ளையாகிற இடம் திடல். இரண்டிலும் கறுப்பாக இருந்து, விளிம்பு கிழிந்த துணிபோலத் திட்டுத்திட்டாக இருந்தால் பெரும்பாலும் சாதாளை. இரண்டிலும் கறுத்து, பாம்புபோல வளைந்து ஒரு வாயை நோக்கிப் போனால் அது ஓடை. இந்த வேலைக்கு எனக்கு இரண்டு இரவு பிடித்தது. அதற்குப் பிறகு ஒருமுறையும் வள்ளம் குந்தவில்லை.

பெரிதாக்கிப் பார்க்காமல் வழி போடுவது

மின்னணு வரைபடத்தில் தூரத்திலிருந்து பார்க்கும்போது சின்ன மேடுகளும் பாறைகளும் மறைந்துவிடும். திரையில் இடம் போதாது என்று செயலியே அவற்றை எடுத்துவிடுகிறது. 2014 நவம்பரில் உலகைச் சுற்றும் பாய்மரப் போட்டியில் ஓடிய டீம் வெஸ்டாஸ் விண்ட் என்ற படகு, இந்து சமுத்திரத்தில் மொரீஷியஸுக்கு வடகிழக்கே கார்காடோஸ் கராஜோஸ் பவளத்திட்டில் இரவில் மோதியது. தேர்ந்த மாலுமிகள், விலை உயர்ந்த கருவிகள். வழி போட்டபோது வரைபடத்தைப் போதிய அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை என்பதே முக்கிய காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. ஒன்பது பேரும் உயிர் தப்பினார்கள். போகப்போகிற கோடு முழுவதையும், தொடக்கத்திலிருந்து முடிவுவரை, மிகக் கிட்டப் பெரிதாக்கி விரலால் நகர்த்திப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

எண்களில் விடும் பிழைகள்

கடல் வரைபடம் கையில் உள்ளவர்கள் முதலில் அதன் அலகைப் பார்க்கவேண்டும். பழைய வரைபடங்களில் ஆழம் பாகத்தில் இருக்கும். ஒரு பாகம் ஆறு அடி. புதியவை மீற்றரில் இருக்கும். அடுத்தது, அங்கே போட்டிருக்கும் ஆழம் மிகக் குறைந்த வற்றுக்குக் கணக்கிட்டது. பெருக்கில் அதைவிடக் கூடுதலாக இருக்கும். அடிக்கோடிட்ட எண் வந்தால் இன்னும் கவனம். அது ஆழம் இல்லை, வற்றில் அந்தத் தரை எவ்வளவு உயரத்துக்கு வெளியே நிற்கும் என்ற கணக்கு. தண்ணீர் இருக்கிறது என்று நினைத்து மண்ணில் ஏற்றுவதற்கு இந்த ஒரு கோடு போதும்.

ஆள்கூறு பரிமாறும்போது நடக்கிற பிழை இதைவிடப் பெரியது. யாழ்ப்பாண நகரம் இருப்பது வடக்கே ஏறக்குறைய 9 பாகை (டிகிரி) 40 கலையில் (நிமிடத்தில்). ஒரு பாகைக்கு அறுபது கலை. அதை ஒருவர் 9.40 என்று எழுதி அனுப்ப, மற்றவர் அப்படியே போனில் தட்டினால், போன் அதை 9 பாகை 24 கலை என்று எடுத்துக்கொள்ளும். முப்பது கிலோமீற்றர் தெற்கே, கிளிநொச்சி நேருக்குப் போய்விடும். அவ்வளவு தூரம் என்றால் உடனே தெரிந்துவிடும். கலையின் பின்னங்களில் இதே பிழை நடந்தால் சில நூறு மீற்றர்தான் தள்ளும், அதைக் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் ஓடைக்கும் திடலுக்கும் உள்ள தூரம். ஆகவே எண்ணை அனுப்பாதீர்கள், வரைபடத்தில் குத்திய புள்ளியை அனுப்புங்கள்.

ஒரே நீர் என்று நினைப்பது

வரைபடத்தில் தொடர்ந்து கிடக்கும் நீலம் நடைமுறையில் பல துண்டுகள். பண்ணைத் தாம்போதி, புங்குடுதீவுத் தாம்போதி, பொன்னாலைத் தாம்போதி எல்லாம் தண்ணீரைப் பிரித்து, சில பாலங்களால் மட்டும் ஓடவிடுகின்றன. ஆனையிறவில் வீதிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே ஏரி இல்லை. கோடையில் அங்கே பெரும் பரப்பு உப்புப் பூத்த வெளி. வள்ளத்தை எங்கே இறக்குவது என்று தீர்மானிக்க முன் இந்தத் தடைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மீன் அந்தப் பக்கம், நீங்கள் இந்தப் பக்கம்.

ஆனால் இந்தத் தடைகள்தான் மீனுக்கு வழிகாட்டி. பரந்த தண்ணீர் முழுவதும் ஒரு பாலத்தின் கீழ் ஒடுங்கி ஓடும்போது இறாலும் சிறுமீனும் அந்த ஓட்டத்தில் வரும். கொடுவா தூண் நிழலில் காத்து நிற்கும். வற்றுத் தொடங்கி முதல் ஒன்றிரண்டு மணித்தியாலம்தான் நல்ல நேரம். புதிதாக வருகிறவர்கள் வரைபடத்தில் ஆழமான இடத்தின் நடுவைத் தேடிப் போய் நாள் முழுக்க வெறும் தங்கூசியை (தூண்டில் நரம்பை) நனைத்துவிட்டு வருவார்கள். மீன் விளிம்பில் நிற்கும். சாதாளை முடிந்து மணல் தொடங்கும் இடம், ஓடை வளையும் வெளிப்பக்கம், கண்டல் மரங்களின் வேர்களிலிருந்து தண்ணீர் வடியும் சின்ன வாய், இவைதான் பார்க்கவேண்டியவை. ஒட்டி மீன் சாதாளையை மேய வரும், திரளி மீன் கரையோரத் தண்ணீரில் கூட்டமாகத் திரியும். பழைய வரைபடங்களையும் எறிந்துவிடாதீர்கள். 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்க முன் அங்கே 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் ஆட்களும் வாகனங்களும் கடந்தார்கள். பாதை ஓடிய இடமென்றால் அங்கே ஓடக்கூடிய தண்ணீர் இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

வரைபடத்தில் இல்லாத தடிகளை மதிக்காதது

இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. களங்கட்டித் தடிகள் (மீனை அடைக்கத் தடி நட்டு வலை கட்டிய பொறிகள்), சிறகு வலைகள், அண்மைக் காலத்தில் பெருகிய கடலட்டைப் பண்ணைகளின் வேலிகள் எதுவும் உங்கள் செயலியில் இராது. விடியற்காலை மங்கலில் கண்ணுக்கும் தெரியாது. நேர்கோடு போட்டுக்கொண்டு வேகமாகப் போகும் ஒரு வள்ளம் ஒரு களங்கட்டியை அறுத்தால், ஒரு குடும்பத்தின் அடுத்த சில நாள் சாப்பாடு போகிறது. நாங்கள் பொழுதுபோக்குக்குப் போகிறோம், அவர்களுக்கு அது வயல். கிளம்ப முன் அந்தக் கரையின் கடற்றொழிலாளர் சங்கத்தில் போய், இந்தப் பக்கம் போகிறோம், எங்கே வலை நிற்கிறது என்று கேளுங்கள். கேட்டவர்களை ஒருவரும் முகம் சுளித்து அனுப்பியதில்லை. எந்த வரைபடத்திலும் இல்லாத ஓடைகளை எனக்குச் சொல்லித் தந்தவர்கள் அவர்கள்தான்.

காற்றையும் அவர்களிடம்தான் கேட்கவேண்டும். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் காலையில் கண்ணாடிபோலக் கிடந்த தண்ணீர், பகல் ஏறியதும் குறுகிய, செங்குத்தான அலைகளாக எழும்பும். ஆழமில்லாத தண்ணீரில் அலை அப்படித்தான் உடையும். வரைபடத்தில் ஐந்து கிலோமீற்றர் எந்த நாளும் ஐந்து கிலோமீற்றர்தான். எதிர்காற்றில் சின்ன எஞ்சினோடு அது மூன்று மடங்கு நேரம். ஆகவே போகும்போது காற்றுக்கு எதிராகப் போய், வரும்போது காற்றோடு வருகிற மாதிரி வழி போடுவது நல்லது.

போனை மட்டும் நம்பாதீர்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கி வையுங்கள், போனைத் தண்ணீர் புகாத பையில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள், ஒரு சின்ன திசைகாட்டியும் வேண்டும். போகும்போது அடிக்கடி திரும்பிப் பாருங்கள். குருநகர் யாகப்பர் கோயிலின் கோபுரமும் அதன் பின்னால் ஒரு தொலைத்தொடர்புக் கோபுரமும் ஒரே நேரில் வந்தால் நான் எந்த ஓடையில் இருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். இரண்டும் பிரிந்தால் விலகிவிட்டேன். மின்கலம் செத்தாலும் அந்த அடையாளம் சாகாது.

இப்போது என் வள்ளத்தில் ஒரு மூங்கில் கோல் இருக்கிறது. அந்த ஐயாவின் கோலைப் பார்த்துச் செய்தது. சாணுக்குச் சாண் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறேன். போகும் வழியில் அங்கங்கே ஊன்றி, எத்தனை சாண், எத்தனை மணி, சேறா மணலா சாதாளையா என்று ஒரு கொப்பியில் எழுதுகிறேன். வீட்டுக்கு வந்ததும் அச்சடித்த செய்மதிப் படத்தில் பென்சிலால் ஏற்றுவேன். மண்டைதீவுக்குத் தெற்கே நான் குந்திய இடத்தில் இப்போது பதினேழு எண்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவால் வள்ளம் ஓட ஒரு வழி இருக்கிறது, வற்றிலும்.