பெரிய ஸ்பீக்கருக்கு வீட்டில் சம்மதம் வாங்குவது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளுக்கான செய்முறை

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கலியாணம் முடித்த ஆண்களில் நிறையப் பேர் குடியிருப்பது மனைவியின் வீட்டில்தான். தாய் தகப்பன் கட்டி, சீதனமாக மகளின் பெயருக்கு எழுதிக் கொடுத்த வீடு. மாமியின் வீடும் மச்சாளின் வீடும் பெரும்பாலும் அதே வளவுக்குள் இருக்கும், இல்லாவிட்டால் அடுத்த வேலிக்கு அப்பால் இருக்கும். அந்த வீட்டு ஹோலில் ஒரு மீற்றர் உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் நிறுத்துவதென்றால், மனைவியின் வீட்டில் இடம் கேட்கிறோம் என்று பொருள். கேட்கிற முறையில் கேட்க வேண்டும்.

ஆங்கில ஓடியோ இதழ்களில் இதற்கு வேறு பார்வை உண்டு. 1983இல் ஸ்டீரியோஃபைல் இதழில் லாரி கிரீன்ஹில் எழுதியதிலிருந்து, மனைவி ஒரு கருவியை எவ்வளவுக்கு ஏற்றுக்கொள்வார் என்பதை ஓர் அளவுகோல் போலவே பேசி வருகிறார்கள். அதை ஒட்டி வருகிற யோசனைகளில் பாதி தந்திரம்: விலையைக் குறைத்துச் சொல், அவர் ஊரில் இல்லாத நாளில் இறக்கி வை என்கிற மாதிரி. எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. ஏமாற்றி வைத்த பெட்டி ஹோலில் நிற்கலாம். அதில் பாட்டுப் போடும்போது வீட்டில் யாரும் சந்தோஷமாக இருக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டு ஹோலில் இப்போது இரண்டு பெரிய ஸ்பீக்கர் நிற்கின்றன. நான் இல்லாத நேரத்தில் மனைவிதான் அதிகம் பாவிக்கிறார். அந்த நிலைக்கு வந்த வழியைத்தான் கீழே எழுதுகிறேன். அம்பில் (அம்ப்ளிஃபையரில்) வயர் கொழுவுவது, இடது வலது பார்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: மறுப்பு எதில் இருக்கிறது என்று கேளுங்கள்

"பெரிய ஸ்பீக்கர்" என்று சொன்னதும் நம் ஊரில் ஒருவருக்கு மனதில் வருவது கோயில் ஒலிபெருக்கி. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நாட்களில் வாடகைக்கு வந்து இறங்கும் கறுப்புப் பெட்டிகளை அவர் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறார். அவை ஒரு வெளியை நிரப்பச் செய்தவை. வீட்டு ஸ்பீக்கர் நாலு பேர் இருந்து கேட்பதற்குச் செய்தது. இந்த வித்தியாசத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள், முடிந்தால் வைத்திருக்கிற யாராவது வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

பிறகு கேளுங்கள்: பிடிக்காதது அளவா, சத்தமா, காசா, நிறமா, பிள்ளை இழுத்து விழுத்திவிடும் என்ற பயமா? பதிலுக்குப் பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள். என் மனைவி முதலில் சொன்னது சத்தத்தைப் பற்றியே இல்லை. "இதுக்குப் பின்னால எப்பிடிக் கூட்டித் துடைக்கிற?" என்றுதான் கேட்டார். நான் அதை யோசித்தே இருக்கவில்லை. கேட்காமல் விட்டிருந்தால் நான் சத்தத்தைப் பற்றியே ஒரு மணித்தியாலம் விளக்கியிருப்பேன்.

படி 2: ஏன் பெரிசு வேண்டும் என்று நேர்மையாகச் சொல்லுங்கள்

கேஎல்எச் என்ற அமெரிக்க ஸ்பீக்கர் கம்பனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹோஃப்மன் வகுத்த விதி ஒன்று இருக்கிறது. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ் (கீழ் ஸ்தாயி ஒலி), குறைந்த வலுவில் நல்ல சத்தம், இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுக்கலாம். 1954இல் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்றையே ஸ்பிரிங் போலப் பாவித்து, சிறிய பெட்டியில் ஆழமான பேஸ் எடுத்துக் காட்டினார். அதற்கு விலையாகக் கூடிய வலுவுள்ள அம்ப் தேவைப்பட்டது. பெட்டி பெரிதாக இருப்பது பகட்டுக்காக இல்லை, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் மிருதங்கம் மாதிரியே கேட்கத்தான்.

ஆனால் உங்கள் ஹோல் சின்னதென்றால், நீங்களும் மெதுவாகத்தான் கேட்பீர்கள் என்றால், பெரிசு தேவையில்லை. சிறிய ஸ்பீக்கர் இரண்டும், பேஸை மட்டும் தரும் சப்வூஃபர் ஒன்றும் போதும். 80 ஹெர்ட்ஸுக்கு (செக்கனுக்கு 80 அதிர்வு) கீழே சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது, ஆகவே சப்வூஃபரை செற்றிக்குப் பக்கத்தில் மறைத்தும் வைக்கலாம். இந்த மாற்று வழியையும் மனைவியிடம் சொல்லுங்கள். தெரிவு அவர் கையிலும் இருக்க வேண்டும்.

படி 3: அட்டைப்பெட்டி ஒத்திகை

எல்லாப் படியிலும் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஃபிரிஜ் விற்கும் கடையில் பெரிய அட்டைப்பெட்டி கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். வாங்க நினைக்கும் ஸ்பீக்கரின் உயரம், அகலம், ஆழம் மூன்றையும் கம்பனித் தளத்தில் பார்த்து, அதே அளவில் இரண்டு பெட்டி வெட்டி ஒட்டுங்கள். அடியில் செங்கல் வையுங்கள், இல்லாவிட்டால் மின்விசிறிக் காற்றில் விழும். நிறம் முக்கியம் என்றால் அதே நிறத்துத் துணியைச் சுற்றுங்கள்.

அதை நிற்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு, அதைப் பற்றி எதுவும் பேசாமல் நாளாந்த வேலையைப் பாருங்கள். ஆட்கள் வருவார்கள், பிள்ளைகள் ஓடுவார்கள், தரை துடைக்கப்படும், அலுமாரிக் கதவு திறக்கப்படும். எது இடிக்கிறது என்று இரண்டு பேருக்கும் தானாகத் தெரியவரும். எங்கள் வீட்டில் வலது பக்கப் பெட்டி சாமி அறை வாசலுக்குக் குறுக்கே வந்தது. மனைவியே அதைத் தள்ளி வைத்து, "இப்ப சரி" என்றார். அவர் கையால் இடம் பார்த்து வைத்த பெட்டி அது. உண்மையான ஸ்பீக்கர் வந்தபோது அந்த இடத்தில்தான் நின்றது, யாரும் கேள்வி கேட்கவில்லை.

கம்பியூட்டரில் முப்பரிமாணப் படம் போட்டுக் காட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். படத்தில் எந்தப் பெட்டியும் அழகாகத்தான் இருக்கும். காலில் இடிபடுவது அட்டைப்பெட்டி மட்டும்தான்.

படி 4: அந்த ஒரு ஸ்வரத்தை அடக்குங்கள்

நான் அதிகம் மினக்கெட்டது இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஸ்பீக்கர் வந்த புதிதில் அடிக்கடி "சத்தத்தக் குறைங்க" என்ற குரல் வரும். உடனே வொலியூமைக் குறைப்போம். ஆனால் அந்தக் குரல் எந்தப் பாட்டுக்கு வருகிறது என்று குறித்துப் பாருங்கள். நான் குறித்த பாட்டு எல்லாவற்றிலும் நீட்டி ஒலிக்கும் ஒரு கீழ் பேஸ் இருந்தது. இதே வொலியூமில் வீணை போட்டால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆகவே பிரச்சினை மொத்தச் சத்தத்தில் இல்லை, அறை பெரிதாக்கிக் காட்டும் ஒன்றிரண்டு ஸ்வரத்தில்தான்.

காரணம் நம் வீடுகளின் அமைப்பு. சீமெந்துச் சுவர், டைல்ஸ் தரை, வெறும் மூலை. சத்தம் செக்கனுக்குச் சுமார் 343 மீற்றர் போகிறது. ஹோலின் நீளத்தை இரட்டித்து அதால் 343ஐ வகுத்தால், அந்த அறை எந்த ஸ்வரத்தைப் பிடித்து உலுக்கும் என்று தெரியும். 5 மீற்றர் ஹோல் என்றால் 34 ஹெர்ட்ஸ், 4 மீற்றர் என்றால் 43 ஹெர்ட்ஸ். அகலத்துக்கும் இப்படியே பாருங்கள். அந்தப் பேஸ் சுவரோரத்தில்தான் மிகக் கூடுதல். நாமோ ஸ்பீக்கரை மூலையிலும் செற்றியை எதிர்ச் சுவரோடு ஒட்டியும் வைக்கிறோம். சுவருக்கு மறுபக்கம் மாமியின் அறை.

செய்ய வேண்டியது இதுதான். போனை அம்பில் இணைத்து, 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஏறும் ஒலியை மெதுவான சத்தத்தில் போடுங்கள். எங்கே திடீரென்று வீங்குகிறது என்று ஹோலில் இருந்து ஒருமுறை, அடுத்த அறையில் இருந்து ஒருமுறை கேளுங்கள். பிறகு ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். ஒரு சாண் தூரமே பெரிய மாற்றம் தரும். பின்பக்கம் துளை உள்ள ஸ்பீக்கர் என்றால், அந்தத் துளைக்குள் சுருட்டிய பருத்திச் சொக்ஸ் ஒன்றை வைத்துப் பாருங்கள். பேஸ் குறைந்து இறுக்கமாகும், பெட்டியைச் சுவருக்குக் கிட்டவும் வைக்கலாம். இவ்வளவும் செய்த பிறகும் மிச்சம் இருந்தால் அம்பிலுள்ள ஈக்வலைசரில் (ஒவ்வொரு ஸ்தாயியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) அந்த ஒரு இடத்தை மட்டும் வெட்டுங்கள்.

அளந்து பார்க்க விருப்பமானவர்களுக்கு ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நான் பாவித்தேன், நல்லது. ஆனால் தொடங்குகிறவருக்கு காது போதும். கூடவே மாமியின் அறையில் மனைவியை நிற்கச் சொல்லி, "இப்ப எப்பிடி?" என்று கேட்டால் எந்த மைக்கையும் விட நம்பலாம்.

படி 5: முதல் காசு துணிக்குப் போகட்டும்

ஹோலின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். சிலிர்ப்புப் போல ஒரு எதிரொலி வந்தால், எவ்வளவு விலையான ஸ்பீக்கர் வைத்தாலும் பாட்டின் சொற்கள் கலங்கித்தான் கேட்கும். தடித்த திரைச்சீலை, தரையில் ஒரு கார்பெட், துணி போட்ட செற்றி, இவை அந்த எதிரொலியை எடுத்துவிடும். பேஸை எடுக்காது, அதற்குப் படி 4தான்.

இவை எல்லாம் மனைவி முன்பே கேட்டுக்கொண்டிருந்த சாமான்களாக இருக்கக்கூடும். ஆகவே ஸ்பீக்கருக்கு முதல் இவற்றை வாங்குங்கள். மருதமுனைக் கைத்தறித் துணியில் யன்னல் சீலை தைப்பித்தால் ஹோலின் முகமே மாறும். அதே துணியை ஸ்பீக்கரின் முகத்துக்குப் போடலாமா என்று மனைவி கேட்டால், ஒரு சோதனை: துணியை வாயோடு பிடித்து ஊதுங்கள். காற்றுத் தாராளமாகப் போனால் போடலாம். தடைப்பட்டால் மேல் ஸ்தாயி மங்கிவிடும், யன்னலோடு விட்டுவிடுங்கள்.

படி 6: வாங்கும்போது

நான் எப்போதும் மர நிறத்தையே சொல்வேன். கறுப்புப் பெட்டி மீண்டும் கோயில் ஒலிபெருக்கியை நினைவூட்டும்.

பழைய சாமான் வாங்குவதென்றால் கூம்பைச் சுற்றி இருக்கும் ஓரத்தைப் பாருங்கள். நுரை ஓரம் நம் ஈரக் காற்றில் உக்கிவிடும், இறப்பர் ஓரமே நல்லது. ஜப்பானிலிருந்து வந்த பழைய அம்ப் என்றால் பின்பக்கம் எழுதியிருப்பதைக் கட்டாயம் வாசியுங்கள். அங்கே 100 வோல்ட், இங்கே 230. மின்மாற்றி (ட்ரான்ஸ்ஃபோமர்) இல்லாமல் நேரே கொழுவினால் அந்த நொடியே போய்விடும்.

கூட்டித் துடைக்கும் பிரச்சினைக்கு வருகிறேன். பெரும்பாலான பெட்டிகள் எம்.டி.எஃப். என்ற, மரநாரை அழுத்திச் செய்த பலகை. அடியில் தண்ணீர் ஊறினால் வீங்கும், பிறகு பழைய நிலைக்கு வராது. மொப் ஓரம் படாத உயரத்துக்கு இறப்பர்க் கால் போடுங்கள். கூரான ஆணிக்கால் டைல்ஸைக் கீறும், அதை வைத்தே சண்டை வரும். பின்துளைக்கு நுளம்பு வலைத் துண்டு ஒன்றைக் கட்டினால் பல்லியும் கரப்பானும் உள்ளே குடியேறாது. தவழும் பிள்ளை உள்ள வீட்டில் பெட்டியின் மேல்பக்கத்தைச் சுவரோடு பட்டியால் பிணைப்பது கட்டாயம்.

விலையை முழுதாகச் சொல்லுங்கள்: ஸ்பீக்கர், அம்ப், வயர், ஏற்றுக்கூலி எல்லாம் சேர்த்து. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டிய காலத்தை எல்லா வீட்டுப் பெண்களும் கணக்குப் பார்த்தே கடந்தார்கள். அவர்களுக்கு மறைத்த தொகை கட்டாயம் தெரியவரும்.

படி 7: முதல் பாட்டு அவருடையது

அம்பில் முதலில் இணைக்க வேண்டியது அவருடைய போன். றிமோட்டும் அவர் கையில். நீங்கள் வைத்திருக்கும் சோதனைப் பாட்டுகள் பிறகு வரட்டும். அவர் காலையில் கேட்கும் பக்திப் பாட்டோ, வானொலியோ, எதுவானாலும் அந்த ஸ்பீக்கரில் நன்றாகக் கேட்க வேண்டும். என் மனைவி தன் அம்மாவுக்குப் பிடித்த பழைய பாட்டொன்றைப் போட்டார். மாமி விறாந்தையிலிருந்து எழுந்து வந்து செற்றியில் இருந்து முழுவதும் கேட்டா. அதற்குப் பிறகு அது என்னுடைய ஸ்பீக்கர் இல்லை.

சத்தத்துக்கு ஓர் அளவும் பேசி வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபலில் கிழமைக்கு 40 மணித்தியாலம் வரை காதுக்குப் பாதுகாப்பு என்கிறது. வீட்டில் அதற்கும் குறைவாகவே தாராளமாகக் கேட்கலாம். பிள்ளைகள் படிக்கும் நேரம், பாங்கு நேரம், அயலில் செத்த வீடு என்றால் நிறுத்தம். இதை அவர் சொல்லும் முன் நீங்கள் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை

இதை வாசித்துவிட்டு எழுதியவர்களால் சில விடயம் சேர்க்க வேண்டியிருக்கிறது.

காத்தான்குடியிலிருந்து ஒருவர்: வீடு நெருக்கம், பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர், பேஸ் அப்படியே போகிறது. நுரைத் தாள் ஒட்டினால் நிற்குமா? நிற்காது. நுரை உங்கள் அறையின் எதிரொலியைத்தான் குறைக்கும், பேஸ் சுவரைக் கடப்பதைத் தடுக்காது. துளையில்லாத மூடிய பெட்டி வாங்குங்கள், அந்தச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், இரவில் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஈக்வலைசரில் வெட்டிவிடுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு சகோதரி: ஸ்பீக்கர் ஆசை தனக்கு, மறுப்பு கணவருக்கு. படிகள் அப்படியே பொருந்தும் தங்கச்சி, வீடு உங்கள் பெயரில் இருந்தாலும் படி 1ஐத் தாண்டிப் போக வேண்டாம். அவர் ஹோலில் கிரிக்கெட் பார்க்கிறவர் என்றால் டிவியையும் அதே அம்பில் இணைத்துக் கொடுங்கள்.

கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்கள் வயர் முனை பச்சை பிடிக்கிறது என்கிறார்கள். உப்புக் காற்று. முனையை வெட்டிப் புதிதாகச் சீவிக் கொழுவுங்கள், வருடத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இடி மின்னல் காலத்தில் பிளக்கைக் கழற்றுவது எல்லோருக்கும்.

கடைசியாக வெள்ளம். 2011 ஜனவரியை இந்த இரண்டு மாவட்டத்திலும் யாரும் மறக்கவில்லை. தாழ்ந்த நிலத்தில் வீடு என்றால் இரண்டு பேர் தூக்கக்கூடிய பாரத்துக்கு மேல் ஸ்பீக்கர் எடுக்க வேண்டாம். கார்த்திகை மழைக்கு முன்பே எந்த மேசைமேல் ஏற்றுவது, யார் எந்தப் பக்கம் பிடிப்பது என்று இருவருமாகப் பேசி, ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.