தேடினால் சிக்காத தமிழ்க் குறிப்புகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பத்திரம் தட்டச்சு செய்யும் வேலை எனக்கு. பழைய குறிப்புகளில் ஊர் பெயரைத் தேடினால் ஒன்றுகூட வராது. காரணம் பாமினி எழுத்துரு. திரையில் தமிழ் தெரியும். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான்.

என்.எச்.எம். கன்வர்ட்டர் என்ற எழுத்து மாற்றும் மென்பொருளை கம்ப்யூட்டரில் நிறுவி, எல்லாவற்றையும் யூனிகோடுக்கு, அதாவது தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் முறைக்கு மாற்றினேன். இணையத்திலேயே ஒட்டி மாற்றலாம்தான், ஆனால் கட்சிக்காரரின் ஆதார் எண்ணை முன்பின் தெரியாத தளத்தில் ஒட்ட மனசு வரவில்லை. ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும்: 45/2A மாதிரி சர்வே எண்ணில் ஆங்கில 'A' இருந்தால், கன்வர்ட்டர் அதையும் பாமினி என்று எடுத்துக்கொண்டு வேறு தமிழ் எழுத்தாக்கிவிடும். பத்திர வேலையில் இது வம்பு. அந்த வரிகளை அசலோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

அப்புறம் கோப்புப் பெயர். 2024-07-09 என்று வருடத்தை முன்னால் வைத்தால் பெயர் வரிசையே தேதி வரிசையாகிவிடும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு குறிப்பின் முதல் வரியில் ஊர், சர்வே எண், கட்சிக்காரர் பெயர், அவ்வளவுதான். பாண்டி, புதுவை, பாண்டிச்சேரி என்று கலந்து அடிக்காமல் எங்கும் 'புதுச்சேரி' என்றே வைத்திருக்கிறேன். இப்போது போனிலும் தேடல் வேலை செய்கிறது.