எதைத் திட்டமிட்டு உறுதிசெய்வது, எதை நெகிழ விடுவது: சிறு மென்பொருள் குழுக்களுக்கு ஒரு வழிமுறை

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இயங்கும் சிறு மென்பொருள் குழு ஒன்று ஓர் அடகுக் கடைக்குக் கணக்கு மென்பொருள் எழுத ஒப்புக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாத் தேவைகளையும் முன்கூட்டியே எழுதிக் கையொப்பம் பெற்றுத் தொடங்குவதா, அஜைல் முறையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்துகாட்டித் திருத்திக்கொண்டே போவதா என்ற கேள்வி முதல் நாளே எழும். வேலை முழுவதற்கும் ஒரே விடை தேடுவதுதான் பெரும் பிழை என்பது என் உறுதியான கருத்து. வேலையைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியே முடிவெடுங்கள்.

ஒவ்வொரு பகுதியையும் பார்த்து, 'இது தவறாகிவிட்டால் பிறகு திருத்த என்ன செலவாகும்?' என்று கேளுங்கள். வட்டிக் கணக்கு தவறினால் வாடிக்கையாளருக்குக் கொடுத்த ரசீதுகளெல்லாம் தவறாகிவிடும். மேலும், இத்தொழிலுக்கென 1943-இல் இயற்றப்பட்ட சட்டம் வட்டிக்கு உச்சவரம்பு வைக்கிறது. அடகுச் சீட்டு வழங்குவதையும் கட்டாயமாக்குகிறது. ஆகவே வட்டி, பகுதித் தொகை வரவு, ஏலம் ஆகியவற்றின் விதிகளை நிரல் எழுதும் முன்பே எழுத்தில் முடித்துவிட வேண்டும். மாதத்தின் நடுவில் மீட்டால் எத்தனை நாளுக்கு வட்டி, பாதிப் பணம் கட்டினால் அது முதலில் வட்டிக்குப் போகுமா அசலுக்குப் போகுமா என்பவற்றை ஊகிக்காதீர்கள். கடையின் பழைய பேரேட்டிலிருந்து, முடிந்துபோன கணக்குகளில் வெவ்வேறு வகையானவற்றைத் தேர்ந்து, கணக்கப்பிள்ளையை உடன் வைத்துக்கொண்டு கையால் கணக்கிட்டு, உரிமையாளரின் ஒப்புதலைப் பெறுங்கள். அந்தக் கணக்குகளே பின்னர், நிரலை மாற்றும்போதெல்லாம் விடை சரிதானா என்று கணினியே ஓட்டிப் பார்க்கும் உங்கள் தானியங்கிச் சோதனைகளாகும்.

திரையில் எந்தக் கட்டம் முதலில் வர வேண்டும், நிலுவைப் பட்டியலை எப்படி வரிசைப்படுத்த வேண்டும், ஐந்தொகை எப்படி அச்சாக வேண்டும் என்பவற்றையோ யாராலும் பார்க்காமல் சொல்ல முடியாது. இவற்றை இரண்டு வாரச் சுற்றுகளாகச் செய்து காட்டுங்கள். உரிமையாளருக்கு மட்டும் காட்டினால் போதாது. நாள் முழுதும் அதில் தட்டச்சு செய்யப்போகிறவர் கையில் கொடுத்து, அருகிலிருந்து கவனியுங்கள். நகை மீட்கக் கூட்டம் சேரும் முகூர்த்த மாதங்களில் திரையை மாற்ற வேண்டாம்.

இரு பகுதிகளும் சந்திக்கும் எல்லையில்தான் மிகுந்த கவனம் தேவை. எந்தத் திரையும் வட்டியைத் தானே கணக்கிடக் கூடாது; கணக்குப் பகுதியிடம் கேட்டுக் காட்ட மட்டுமே வேண்டும். 'வட்டியை மாதத்துக்கு வேண்டாம், நாளுக்குப் போடுங்கள்' என்ற கோரிக்கை ஒரு டெமோவின் நடுவே வந்தாலும், அதை எழுத்தில் பெற்று, செலவையும் தேதியையும் தெரிவித்து, பழைய சோதனைகளை மீண்டும் ஓட்டிய பிறகே ஏற்க வேண்டும்.

கட்டணத்தையும் இப்படியே பிரித்துவிடலாம். உறுதியான பகுதிக்கு நிலையான தொகையும், மற்றதற்குச் சுற்றுக்கு இவ்வளவு என்றும் பேசி, மொத்தச் சுற்றுகளுக்கு ஒரு வரம்பு வையுங்கள். புதிய கோரிக்கை வந்தால், அதே அளவுள்ள பழைய ஒன்றை உரிமையாளரே விலக்கட்டும்.

மென்பொருள் பொறியியல் அறிஞர்களான பாரி போம், ரிச்சர்ட் டர்னர் இருவரும் 2003-இல் இத்தேர்வுக்கு ஐந்து அளவுகோல்களை முன்வைத்தனர்: குழுவின் அளவு, பிழையின் விளைவு, தேவைகள் மாறும் வேகம், ஆட்களின் திறன், குழுவின் பண்பாடு. சிறு குழுவுக்கு இரண்டாவதும் மூன்றாவதுமே பெரிதும் உதவும் என்பேன். குழுவில் பெரும்பாலோர் கல்லூரியிலிருந்து புதிதாக வந்தவர்கள் என்றால் நான்காவதையும் கருதி, திட்டத்தின் பக்கம் சற்றுச் சாயுங்கள். அஜைல் முறையின் கொள்கைகளை அறிவித்த 2001-இன் அஜைல் அறிக்கைகூடத் திட்டத்துக்கு மதிப்பில்லை என்று சொல்லவில்லை. மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதை அதைவிட மேலாக மதிக்கிறது, அவ்வளவே.

இந்தப் பிரிவினையை ஒவ்வொரு வெளியீட்டின்போதும் மறுபடி பாருங்கள், ஏனெனில் நெகிழ்ந்திருந்தவை நாளடைவில் இறுகிவிடும். அடகுச் சீட்டின் அமைப்பைத் தொடக்கத்தில் பலமுறை மாற்றலாம். அச்சடித்த சீட்டுப் புத்தகங்கள் கடைக்கு வந்துசேர்ந்த நாளிலிருந்து அதையும் உறுதியான பகுதியில் சேர்த்து, மாற்றக் கோரிக்கைகளை எழுத்தில் மட்டுமே பெறுங்கள்.