சேமிப்பக அடாப்டர்களின் சான்றிதழ்ச் சோதனைக்கு முன்

காரைக்குடி, தேவகோட்டைப் பகுதிகளில் சிறிய ஆய்வகம் அமைத்து, டிஸ்க்குகளைக் கணினியுடன் இணைக்கும் சேமிப்பக அடாப்டர்களையும் கன்ட்ரோலர்களையும் விண்டோஸ் சான்றிதழுக்காகச் சோதிக்க முற்படுவோர், சோதனைக்கென வெற்று டிஸ்க்குகளை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் ஹார்டுவேர் லேப் கிட் என்னும் சோதனை மென்பொருள் நடத்தும் சோதனைகளுள் சில, டிஸ்க்கில் நேரடியாக எழுதி அதிலுள்ள தரவை அழித்துவிடும் என்பதால், அந்த அடாப்டரில் இணைத்த டிஸ்க்குகளில் தேவையான கோப்பு ஒன்றுகூட இருக்கலாகாது. சோதனைகளை நிர்வகிக்கும் கணினி வேறு, சோதிக்கப்படும் கணினி வேறு என்பதையும் தொடக்கத்திலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது வெப்பத்தைப் பற்றியே. பல டிஸ்க்குகளை ஒன்றாக இயக்கும், சர்வர்களுக்கான ரெய்டு அடாப்டர்கள் பலவும் சர்வர் பெட்டிக்குள் விசிறிகள் செலுத்தும் காற்றோட்டத்தை நம்பியே வடிவமைக்கப்படுகின்றன. அவற்றைத் திறந்த மேசையில் வைத்துச் சித்திரை வெயிலில் மணிக்கணக்காக இயக்கினால், அடாப்டரை விண்டோஸுடன் இயங்கச் செய்யும் மென்பொருளான டிரைவரில் குறையே இல்லாதபோதும் சூட்டினால் பிழைகள் தோன்றி, காரணம் தேடுவதிலேயே பொழுது கழியும். ஆகவே அடாப்டரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் மீது நேராக வீசும்படி ஒரு விசிறியைப் பொருத்துங்கள். இடையில் மின்சாரம் தடைபட்டாலும் முடிவுகள் குழம்பும் என்பதால், இரு கணினிகளையும் யுபிஎஸ்ஸில் இணைப்பது அவசியம்.

தானியங்கி அப்டேட்டுகளை நிறுத்திவைத்து, டிரைவர், ஃபர்ம்வேர் (அடாப்டருக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) பதிப்புகளைக் குறித்துக்கொண்டு, உரிய விண்டோஸ் பதிப்புக்கான அதிகாரப்பூர்வ பிளேலிஸ்ட்டை (நடத்த வேண்டிய சோதனைகளின் பட்டியல்) ஏற்றிய பிறகே சோதனையைத் தொடங்குங்கள்.